ஏழாம் ஜாடியில் இரண்டு விரல்

முதலில் இதற்குப் பதில் சொல், பிறகு படி. உன் அலமாரியில் வரிசையாக நிற்கும் பன்னிரண்டு ஜாடிகளில் ஏழாம் ஜாடியில் மட்டும் இரண்டு விரல் குறைந்திருக்கிறது. அதைக் குடித்தது நீயா? நீதான் என்றால் இந்தக் காகிதங்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உடனே கீழே இறங்கு. வாசலில் ஆட்டோ நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும் என்று சொல்லித்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ இல்லை என்றால் ஷூவோடு அப்படியே உட்கார். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தவிர வேறெதுவும் அனுப்பத் தெரியாத அம்மா இவ்வளவு எழுதியிருக்கிறாளே என்று சிரிக்காதே சதீஷ். பதினெட்டு வருஷமாக எழுதாமல் வைத்திருந்த கடிதம் இது.

மணி பதினொன்று ஆகப்போகிறது. நானும் உன் அப்பாவும் படப்பையில் உன் வாடகை வீட்டில் இருக்கிறோம். காலையில் நான் எதுவும் சொல்வதற்குள் அப்பா, "சட்டைய எடு, போலாம்" என்றார். பென்னலூரிலிருந்து பஸ்ஸில் ஒரகடம், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. உன் வீட்டு மாடிப்படி அவருக்குப் பழக்கமில்லாததால் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே ஏறினார். இப்போது உன் கட்டிலில் உட்கார்ந்து நான் எழுதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நீ காலை ஷிஃப்டில் இருக்கிறாய். உன் போன் கம்பெனி வாசலில் லாக்கரில் கிடக்கிறது. அவசரத்துக்கு என்று நீ கொடுத்த கேட் நம்பருக்குத்தான் அடித்தேன். செக்யூரிட்டி தெற்கத்திக்காரர், தன்மையாகப் பேசினார். என் பையனுக்குக் கண் நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். சிரித்தார். பத்து நிமிஷம் கழித்து, "நல்லாத் தெரியுதாம்மா. ஏன் மானத்த வாங்குதீங்கன்னு கேக்காரு" என்றார். மானம் போனால் போகட்டும். எனக்குக் கேட்க வேண்டியது வேறு ஒன்று இருந்தது, லைனில் பத்துப் பேர் காதில் விழுமே என்று அதைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நமக்குள் நடந்த சண்டையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீ நினைப்பதுபோல எனக்கு உன் ஜாடிகள் மேல் வெறுப்பு இல்லை. இஞ்சியைக் கரண்டியால் சுரண்டித் தோலெடுத்து, காகிதம்போல மெல்லியதாகச் சீவி, அன்னாசி ஒன்று, நெல்லிக்காய் ஒன்று, ஆரஞ்சுத் தோல் ஒன்று என்று தனித்தனியாகப் போட்டு, வோட்காவை ஊற்றி, தினம் ஒரு தடவை குலுக்கி வைத்து, போட்ட நாளையும் அளவையும் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறாய். ஏதோ வீடியோ பார்த்துக் கற்றேன் என்றாய். வீடியோ பார்த்துப் படித்த கைபோல இல்லை அது, பிறவியிலேயே வந்த கைபோல இருந்தது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது, வருகிற சனிக்கிழமை ஷிஃப்ட் நண்பர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னபோதுகூட நான் ஒன்றும் சொல்லவில்லை. சமையலறை மூலையில் அந்த வெள்ளைக் கேனைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"இது இன்னாடா கேனு?" என்றேன்.

"ஸ்பிரிட்டு மா. ஆறு ஜாடி கடை வோட்கால போட்டேன், கட்டுப்படியாவல. மிச்சம் ஆறும் இதுலதான். கடைல விக்கிறதே இதுல தண்ணி கலந்து பண்றதுதான்."

"யாரு குட்த்தது?"

"எங்க கம்பெனி முரளிதான் வாங்கினு வந்தான். தெரிஞ்ச குடோனாம். சானிடைசர் பண்ண வாங்கி மிஞ்சினதாம்."

"உள்ள இன்னா கீதுன்னு யாரு பாத்தது?"

நீ ஒரு ஸ்பூனில் கொஞ்சம் ஊற்றி லைட்டரைக் காட்டினாய். "பாத்தியா, நீலமா எரியுது. மஞ்சளா எரிஞ்சாதான் கெட்டது. ஒனக்கு இன்னா மா தெரியும், நான் குவாலிட்டில கீறேன்" என்றாய். கொட்டிவிடு என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது. கல்யாண நேரத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே என்று நீ கத்தினாய், நானும் கத்திவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று நாளாக என் போனை நீ எடுக்கவில்லை.

போன வருஷம் ஒரு லோடு போல்ட்டை டெஸ்ட் ரிப்போர்ட் இல்லை என்று திருப்பி அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? மேனேஜர் வந்து, பார்த்தாலே தெரிகிறது நல்ல போல்ட் என்று, அனுப்பு என்றாராம். "பாத்தா ஒன்னும் தெரியாது சார், பேப்பர் குடுங்க"ன்னு சொல்லிட்டேன் என்று எங்களிடம் வந்து நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாய். அன்றைக்கு உன் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவ்வளவு பூரிப்பு. அதே பிள்ளை, மனிதர் வயிற்றுக்குள் போகிற ஒன்றை ஸ்பூனில் கொளுத்திப் பார்த்து ஓகே போட்டுவிட்டாய். விஷச் சாராயமும் நீலமாகத்தான் எரியும் கண்ணு. வாசனையும் ஏறக்குறைய அதே வாசனைதான். அந்தக் கேனில் இருப்பது நல்லதாகவே இருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, என் பயமெல்லாம் அதுதான். காலையில் வந்ததும் எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டிவிடத்தான் ஏழாம் ஜாடியைக் கையில் எடுத்தேன். நீ சீட்டில் எழுதியிருந்த அளவுக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது. கேனிலிருந்து ஊற்றிய முதல் ஜாடி அதுதான் என்று உன் கையெழுத்தே சொல்கிறது. சும்மா கொட்டினால் நீ அடுத்த வாரம் இன்னொரு கேன் வாங்குவாய். ஏன் என்று சொல்லிவிட்டுக் கொட்ட வேண்டும். அதனால்தான் உன் மேஜையிலிருந்த காகிதங்களை எடுத்து எழுதுகிறேன்.

உன் அப்பாவுக்குக் கண் போனது சர்க்கரை நோயால் இல்லை.

எழுதிவிட்டேன். இந்த வரியை அவருக்குப் படித்தும் காட்டினேன், "ம்" என்றார். அவருக்கு இன்றுவரை சர்க்கரையே கிடையாது. உனக்காகத்தான் பதினெட்டு வருஷமாக உன் எதிரில் சர்க்கரை போடாத காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கிறார். நீ வாசலைத் தாண்டியதும் இரண்டு ஸ்பூன் போட்டு இன்னொரு டம்ளர் கேட்பார். வருஷா வருஷம் கம்பெனி மெடிக்கல் செக்கப் முடிந்ததும், "சுகர் நார்மல்மா, அப்பாவுக்கு வந்த மாதிரி எனக்கு வராதுல்ல?" என்று நீ போன் செய்யும்போதெல்லாம் நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் போனை வைத்துவிடுவேன். திவ்யா வீட்டில் பெண் கேட்கப் போனபோதுகூட, எங்கள் குடும்பத்தில் சர்க்கரை இருக்கிறது, மறைக்கக் கூடாது என்று நீயே எடுத்துச் சொன்னாய். அவர்கள் உன் நேர்மையை மெச்சினார்கள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

உன் அப்பாவும் ஜாடி போடுகிறவர்தான். வருஷத்துக்கு ஒரு ஜாடி, பன்னீர் திராட்சை வரும் நாளில். உனக்கு நினைவிருக்காது. ஊறுகாய் ஜாடியில் இஞ்சியும் திராட்சையும் கற்கண்டும் நாலு கிராம்பும் போட்டு, கடையில் வாங்கிய பிராந்தியை ஊற்றி வேடு கட்டி வைப்பார். இஞ்சியைச் சீவித் தருவது நான். திராட்சையை ஊசியால் குத்திப் போட வேண்டும், அப்போதுதான் சாறு இறங்கும் என்பார். பதினைந்தாம் நாள் வடிகட்டி, சிநேகிதர் ஏழுமலையும் அவரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆளுக்கு ஒரு டம்ளர். எனக்கு அது பிடித்திருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். கடைக்குப் போனால் நாலு பேர் சேர்ந்து கையில் இருப்பதையெல்லாம் கரைத்துவிட்டு வருகிற மனிதர், ஜாடி போட்ட நாட்களில் வீட்டோடு இருப்பார். பாட்டுப் பாடுவார், என்னைக் கேலி செய்வார். அந்த ஜாடி தீர்ந்துவிடக் கூடாது என்று எனக்கு ஓர் ஆசை.

அப்போது நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்த்தேன். சர்க்யூட் போர்டில் பற்றவைத்த இடங்களைப் பிரஷ்ஷால் துடைக்கிற வேலை. துடைக்கிற தண்ணியை எல்லோரும் ஸ்பிரிட் என்றுதான் சொல்வோம். ஸ்டோரில் பெரிய கேனிலிருந்து ஊற்றி, லைனுக்குச் சின்னப் பாட்டிலில் வரும். அந்தப் பாட்டிலில் பெயரும் இருக்காது, படமும் இருக்காது. கேனில் எழுதியிருந்தது லைன்வரைக்கும் வந்ததேயில்லை. ஜன்னலில் ஒட்டியிருந்த கோந்தைத் துடைக்கலாம் என்று ஒருநாள் தண்ணீர்ப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து வந்து சிங்க்குக்கு அடியில் வைத்திருந்தேன். ஊசி போடும்போது நர்ஸ் தடவுவதும் ஸ்பிரிட், சாராயமும் ஸ்பிரிட், கம்பெனியில் வாங்குவது கடையில் விற்பதைவிடச் சுத்தமாகத்தான் இருக்கும் என்பது என் அறிவு. அந்த ஞாயிற்றுக்கிழமை, ருசி பார்த்து ருசி பார்த்தே ஜாடியில் பாதியாகிவிட்டது, ஒரு குவார்ட்டர் வாங்கி வந்து ஊற்றிவிடுகிறேன் என்று அப்பா சட்டையை மாட்டினார். போனால் திரும்பி வருவது எப்போதோ. "ஜாடில நெறய கீதுங்க, நீங்க சரியா பாக்கல, குளிச்சிட்டு வாங்க" என்றேன். அவர் குளிக்கப் போனதும் அந்தப் பாட்டிலை எடுத்து ஜாடியில் ஊற்றினேன். நான்தான் ஊற்றினேன். ருசியில் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. இஞ்சியின் குணம் அது. தன் காரத்தில் எல்லாக் காரத்தையும் மறைத்துவிடும், நல்லதையும் மறைக்கும், கெட்டதையும் மறைக்கும். "இந்த வாட்டி நல்லா எறங்கிகீது" என்று இரண்டு டம்ளர் குடித்தார். ஏழுமலைக்கு ஓ.டி. போட்டுவிட்டதால் அவர் வரவில்லை. உன் கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு உன் தலையில் கைவைத்து வாழ்த்தினாரே, அவருக்கு அன்று தப்பித்தோம் என்பது இன்னும் தெரியாது.

மறுநாள் தலைவலியோடுதான் காலை ஷிஃப்டுக்குப் போனார். மத்தியானமே பர்மிஷன் போட்டுவிட்டு வந்தார். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், நாலாம் வகுப்பு. வந்தவர் கூடத்தில் உட்கார்ந்து, "இன்னாமே, பட்டப்பகல்ல கதவ சாத்தி வெச்சிகினு கீற? தொற" என்றார். கதவு திறந்துதான் இருந்தது. பங்குனி வெயில் அவர் காலில் விழுந்துகொண்டிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். முதலில் பார்த்தவர் தலைவலி, வாந்தி என்று எழுதிக்கொண்டு ஊசி போட்டுப் படுக்க வைத்தார். ஏதாவது குடித்தாரா என்று என்னைத்தான் கேட்டார். எனக்குத் தெரியும், சதீஷ். பாட்டில் ஞாபகம் வந்துவிட்டது. சொன்னால் போலீஸ் வரும், கம்பெனியில் திருடியதாக ஆகும், புருஷனுக்கு விஷம் வைத்தாள் என்பார்கள் என்றெல்லாம் ஒரு நொடிக்குள் தோன்றி, "ஒன்னும் குடிக்கல சார்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை வரைக்கும் அதையே சொன்னேன். வேறொரு டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உன் அப்பாவைக் கேட்டபோது, "ரோட்ல ஒருத்தன் வித்தான், வாங்கிக் குடிச்சேன், ஆளு யாருன்னு தெரியாது" என்று அவர் சொன்னார். வீட்டு ஜாடியைத் தவிர அவர் எதையும் குடிக்கவில்லை. ஊற்றியது யார் என்று அவருக்கு அதற்குள் புரிந்துவிட்டிருந்தது. என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய். நான் சும்மா நின்றேன். ஊற்றியது தெரியாமல் செய்தது, அதற்கு என்னை மன்னித்தாலும் மன்னிப்பாய். அந்த ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு நின்றது தெரிந்தே செய்தது. நாலு பேர் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டு, சொல்லக் கூச்சப்பட்டு

இரு. இதோ வருகிறேன்.

மேலே இருக்கிற வரியை எழுதும்போதுதான் என் முகத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. காலையில் கேட்டுக்கு அடித்தபோது நான் என்ன செய்தேன்? குடித்தானா என்று கேட்காமல், கண் தெரிகிறதா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். ஏன்? உன் லைனில் பத்துப் பேர் காதில் விழுமே என்று. பதினெட்டு வருஷம் ஆகியும் நான் அதே பெண்தான். பேனாவைப் போட்டுவிட்டு மறுபடியும் அடித்தேன். "சார், என் புள்ளைய கேட்டுக்குக் கூப்டுங்க. அவன் வூட்ல கீற ஸ்பிரிட்டு விஷமா இருக்கலாம். குடிச்சானான்னு எனக்கு இப்பவே தெரியணும்" என்று சத்தமாகவே சொன்னேன். அந்த மனிதர் இந்த முறை சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நீ மூச்சு வாங்க கேட்டுக்கு ஓடி வந்து போனில், "நான் குடிக்கல மா. முரளிதான் நேத்து சாயங்காலம் டேஸ்ட் பாக்கறேன்னு ஒரு டம்ளர் எட்தான்" என்றாய். உனக்குத் தெரியாதது, அதன் பிறகு நீ கொடுத்த நம்பரில் நான் முரளிக்குப் போன் செய்தபோது அவன் சொன்னது. இரண்டாம் ஷிஃப்டுக்குப் போக வேண்டியவன், தன் ரூமில் படுத்துக்கொண்டிருந்தான். "தல வலிக்குது மா, நேத்து கொஞ்சம் ஓவரா பூட்ச்சி" என்றான் சாதாரணமாக. கண் எப்படி இருக்கிறது என்றேன். "டியூப்லைட்ட சுத்தி வளையம் மாறி தெரியுது. அது ஒன்னும் இல்ல மா" என்றான்.

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ கம்பெனி யூனிஃபார்மோடு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். வந்ததும், "ஒனக்கு எப்டி மா தெரியும்? கேன பாத்ததும் எப்டி தெரிஞ்சிது?" என்று கேட்டாய். எழுதிக்கொண்டிருக்கிறேன், முடித்துவிட்டுத் தருகிறேன், இரு என்றேன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் அழுதுவிடுவேன், அழுதால் நீ சமாதானம் செய்வாய், மீதிப் பாதியைச் சொல்லாமலே தப்பித்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

முரளியை இரண்டு தெரு தள்ளி அவன் ரூமிலிருந்து நானும் ஆட்டோக்காரரும் தாங்கி ஏற்றினோம். ஒன்றுமில்லை, மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று அடம் பிடித்தான். வண்டியில் ஏற்கனவே உட்கார்ந்திருந்த உன் அப்பா அவன் கையைப் பிடித்து இழுத்து, "எனக்கும் ஒன்னும் இல்லன்னுதான் இருந்துது. ஏறுடா" என்றார். முரளி அவர் கண்களைப் பார்த்தான், பேசாமல் ஏறிக்கொண்டான். ஏழாம் ஜாடியையும் கேனையும் நான் மடியில் வைத்துக்கொண்டேன். இங்கே வந்து அந்த டாக்டர் பெண் என்ன ஆயிற்று என்று வாயைத் திறப்பதற்குள் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கெமிக்கல் குடோன் ஸ்பிரிட், மெத்தனால் இருக்கலாம், நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு டம்ளர், தலை வலிக்கிறது, வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிகிறது, குடித்தது இந்த ஜாடியில், ஊற்றியது இந்தக் கேனிலிருந்து. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "யார் வீட்ல இதச் செஞ்சாங்க?" என்றாள். என் மகன் வீட்டில் என்றேன், உன் முழுப் பெயரையும் சொன்னேன். எழுதிக்கொண்டாள். போலீசுக்குத் தகவல் போகும் என்றாள். போகட்டும் என்றேன்.

இதற்காக நீ என்மேல் கோபப்படலாம், உனக்கு அந்த உரிமை உண்டு. உன் வேலைக்கு என்ன ஆகுமோ, மூன்று வாரத்தில் கல்யாணம் நடக்குமோ நடக்காதோ, எனக்கும் தெரியாது. அந்தக் குடோனிலிருந்து வேறு யார் வாங்கினார்கள் என்று முரளி வாயிலிருந்து கேட்டு உடனே ஒவ்வொருவருக்கும் போன் செய். திவ்யாவுக்கு நீயே சொல், இன்றைக்கே, வேறொருவர் சொல்லி அவள் கேட்கும்படி வைக்காதே. அப்பாவின் சர்க்கரைக் கதையையும் சேர்த்துச் சொல். அவள் வேண்டாம் என்று போனால் போகட்டும், நானே அவள் வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன். இருந்தால், ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதற்காகச் சொல்கிற பொய்யில் ஒரு வீடு எப்படி மூச்சு முட்டும் என்பதை என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை முரளிக்குக் காட்டு, பாட்டிலுக்காகக் காத்திருக்கிற உன் ஷிஃப்ட் ஆட்களுக்கும் காட்டு. ஒளித்து வைப்பதற்காக நான் எழுதவில்லை. இனி ஜாடியே போடாதே என்று சொல்ல மாட்டேன். இஞ்சியும் பழமும் என்ன பாவம் செய்தன? கடையில் சீல் உடைக்காமல் வாங்கியதில் போடு. போல்ட்டுக்குக் கேட்ட பேப்பரை இதற்கும் கேள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மெத்தனாலாகத்தான் தெரிகிறது, ரத்தம் பார்த்துவிட்டு டயாலிசிஸ் வேண்டுமா என்று சொல்கிறோம் என்றபடி, மருந்தை ஏற்றிவிட்டு வெளியே வந்த டாக்டர் பெண், "நல்ல வேளம்மா, வந்த ஒடனே சொன்னீங்க. இதுல ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெஞ்சில் உன் அப்பா பக்கத்தில் இருந்தார். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அன்றைக்கு ரத்தம் எடுத்த அந்த இரண்டாவது டாக்டர் என்னிடம், முதல் நாளே சொல்லியிருந்தால் பார்வையைக் கொஞ்சமாவது காப்பாற்றியிருக்கலாம் என்று சொன்னதை, நான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அவரிடமும் சொன்னதில்லை. ஊற்றியது நான் என்று தெரிந்த மனிதருக்கு, மறைத்ததால்தான் முழுக்கப் போனது என்பது தெரியாது என்றே நினைத்திருந்தேன். இன்றைக்குச் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"தெரியும்" என்றார். "அந்த டாக்டர் என் கட்டிலாண்ட நின்னுதான் சொன்னாரு. கண்ணுதான் போச்சி, காது போவல."

"தெரிஞ்சிகினே ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா, அப்பறம் நீ எப்டி என் மூஞ்சில முழிப்ப? எனக்குதான் ஒன் மூஞ்சி தெரியாது. ஒனக்கு என் மூஞ்சி தெரியுமே."

அவ்வளவுதான் சதீஷ். நீ கேட்ட கேள்விக்குப் பதில் இது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், இப்படித்தான் தெரியும்.

திறந்த கதவு வழியாகப் பார்க்கிறேன், நர்ஸ் அரை மணிக்கு ஒரு தடவை முரளியிடம் எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிற கடிகாரத்தைக் காட்டி மணி கேட்கிறாள். ஒன்றரைக்குக் கேட்டாள், இரண்டுக்குக் கேட்டாள், இரண்டரைக்குக் கேட்டாள். இரண்டரைக்குச் சொல்ல அவன் கொஞ்சம் தாமதித்தபோது நீ எழுந்து வாசல் பக்கம் போய்விட்டாய். இப்போது மறுபடியும் கேட்டாள். மூணு அஞ்சு என்றான் முரளி. உன் அப்பா என் பக்கம் திரும்பி, "கரெக்டா சொன்னானா?" என்றார். கரெக்ட் என்றேன். "மெய்யாவா?" என்றார். மெய்யாகத்தான். நீயும் உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்து, அம்மா சொல்வது மெய்தான் என்று உன் வாயால் அவருக்குச் சொல்.